பீடி குடிக்காத என் அண்ணனுக்கு

என் வேலுச்சாமி அண்ணே, இருக்கிற இடத்தில் குளிர் படாமல் இரு.

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நமக்குள் எல்லாமே வாய்ப்பேச்சுதான், அதிலும் பாதி சண்டை. இப்போது வட்டக்கானலில் நான் சமைக்கிற விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. தங்க வந்த பிள்ளைகள் பாறைப் பக்கம் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். பாத்திரமெல்லாம் கழுவாமல் கிடக்கிறது. கிடக்கட்டும், எனக்கு உன்னிடம் சோலி இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நம்ம ஊர்ச் சபையில் நின்றேன் அண்ணே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் முதலில் இருந்து வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். கிளாவரை போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, பூண்டும் கேரட்டும் விளைகிற சரிவில் நடந்தால் நம்ம ஊர். பெயரை எழுதவில்லை. மதினியை நினைத்துத்தான் எழுதவில்லை.

அந்த ஊரில் எந்த முடிவானாலும் கோயில் வாசலில் சபை கூடித்தான் எடுப்பார்கள். பெரியதனக்காரர் விஷயத்தைச் சொல்லுவார். கடைசியில் "சரியா?" என்று கேட்பார். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து "சரி" என்பார்கள். அவ்வளவுதான், முடிந்தது. "சரியில்லை" என்று ஒருவன் சொல்லி நாம் கேட்டதில்லை, நம் அப்பாவும் கேட்டதில்லை. சம்மதமில்லாதவனுக்கு ஊர் ஒரு வழி வைத்திருந்தது. அவர் "சரியா" கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் எழுந்து, மடியைத் தடவி, பீடி பத்தவைக்கப் போகிறேன் என்று மதிலுக்கு வெளியே போய்விடுவான். சாமி வாசலில் பீடி குடிக்கக் கூடாது இல்லையா. உள்ளே "சரி" சத்தம் கேட்டு அடங்கியதும் திரும்பி வந்து உட்காருவான். ஏன் போனாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவனும் எதிர்த்ததாகாது, ஒத்துக்கொண்டதாகவும் ஆகாது. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

நீ பீடி குடிக்காதவன். உன் வினையே அதில்தான் ஆரம்பித்தது.

பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விட்ட அன்றைக்கு நானும் ஊரில்தான் இருந்தேன். கோபுர வேலைக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் மட்டும் மனுத்தாக்கல் செய்யணும், வேறு யாரும் நிற்கக் கூடாது, தேர்தலே வேண்டாம். ஏலம் எடுத்தது, ஊருக்கு மேலே ரிசார்ட் கட்ட வந்த முதலாளியின் ஆள். அது எல்லாருக்கும் தெரியும். பெரியதனக்காரரான நம் குப்புசாமி மாமாவுக்கும் தெரியும். பொம்பளைகளுக்குச் சபையில் இடமில்லாததால் நாங்கள் குழாயடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். "சரியா" வருவதற்கு முன்னால் ஆட்கள் எழுந்து எழுந்து வெளியே போனார்கள். நீ மட்டும் அசையவில்லை.

"சரியில்ல மாமா" என்றாய். "ஓட்டு ஆளாளுக்கு உள்ளது. அத ஏலத்துல விட நாம யாரு?"

குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. குப்புசாமி மாமா கோபப்படக்கூட இல்லை. சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல இதமாகத்தான் சொன்னார்.

"ஏலே வேலு, போயி ஒரு பீடி குடிச்சிட்டு வாலே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நீ எழுந்து போய்விடுவாய் என்ற நிம்மதியில். நீயோ, "எனக்குப் பீடிப் பழக்கம் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். அந்த ஒரு நிமிடத்துக்கு நீ தொண்டையைச் செருமிக்கொண்டாவது வெளியே போயிருக்கக் கூடாதா அண்ணே? எத்தனை முறை இதை நினைத்து அழுதிருப்பேன் தெரியுமா.

பிறகு நீயே போய் மனுத்தாக்கல் செய்தாய். அடுத்த சபையில் உன்னை ஊரை விட்டுத் தள்ளி வைத்தார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் கேஸ் ஆகும் என்று மாமாவுக்குத் தெரியும். அதனால் "வேலுவ கொஞ்சம் ஒதுங்கிக் கெடக்கச் சொல்லிருக்கு" என்றார்கள். கடையில் உப்பு தரவில்லை. உன் பூண்டை எந்த வண்டியும் ஏற்றவில்லை. நடவுக்கு யாரும் வரவில்லை. மதினி தண்ணீருக்குப் போனால் குழாயடியே காலியாகிவிடும். விதைப்பூண்டைப் பரணிலேயே விட்டுவிட்டு, நீயும் மதினியும் ஒரு துணிமூட்டையோடு நாயுடுபுரத்தில் என் வாசலில் வந்து நின்றீர்கள். ஒதுங்கிக் கிடக்கிறது என்றால் அதுதான்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நீ போகாமல் இருந்திருக்கலாம். போனாய். வாசலில் மறித்தார்கள், தள்ளுமுள்ளானது, யாரோ ஒருவன் மண்டை உடைந்தது. உன் கையில் வாக்காளர் அட்டையைத் தவிர ஒன்றுமில்லை என்று பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். உன்னைத்தான் பிடித்தார்கள். ஜாமீன் கிடைக்கும் என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குண்டர் சட்டம் போட்டுக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். மலையை விட்டு இறங்கினால் அரைநாளில் தலைவலி வந்துவிடுகிற ஆள் நீ. உன்னைப் போய் அந்த வெக்கையில் வைத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, ஊர் அமைதிக்கு என்றார்கள். இவன் வெளியே இருந்தால் ஆபத்து என்று ஊரே ஒரே குரலில் சொல்கிறதாம்.

ஊரே என்ற அந்த வார்த்தையை மறந்துவிடாதே. அதற்குப் பிறகு வருகிறேன்.

உன்னை உள்ளே வைத்ததற்கு நியாயம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை அண்ணே. வெளியாட்களை விடு. என் வீட்டிலேயே, என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாப்பிள்ளை, டூரிஸ்ட் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணன் நல்ல டைப்தான், இல்லேங்கல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிருக்கலாம். சீசன் டைம்ல பிரச்சினைன்னா யாருக்கு லாஸ்?" அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத குழம்பு ஊற்றினேன். அவர் அதையும் அட்ஜஸ்ட் பண்ணிச் சாப்பிட்டுவிட்டார். இந்த மனுசனை என்ன செய்வது?

ஒரு வருசம் கழித்து நீ வந்தபோது சட்டைக்குள் ஆள் இல்லை. இருமல்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பீடி, சிகரெட் ஹேபிட் ஏதும் இருக்காங்கய்யா?" என்று கேட்டதே, நினைவிருக்கிறதா? நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமலில் ரத்தம் வந்து, பயந்துபோய் அந்தப் பெண் நர்ஸைக் கூப்பிட்டது. நாம் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான்.

உன்னை நம்ம ஊர் மண்ணில் வைக்க விடவில்லை. அது உனக்குத் தெரியுமோ என்னமோ. இங்கே டவுன் சுடுகாட்டில்தான் எரித்தோம். அதற்குப் பிறகு மதினி மார்க்கெட் பக்கம் கேரட் கழுவுகிற வேலைக்குப் போகிறாள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கால் விரலெல்லாம் வெந்து கிடக்கிறது. என் வீட்டில் இரு, எங்கும் போகாதே என்று சொன்னால் கேட்கமாட்டாள். இரண்டே அறைதான், அவளுக்குக் கூச்சம். உன் மாப்பிள்ளை ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நிலையில்தான் குப்புசாமி மாமா நாயுடுபுரத்துக்கு வந்தார். உன் படத்துக்கு முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பு இல்லை அண்ணே, நடிப்பாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அழுது முடித்துக் காப்பியை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஊரு உடையாம இருக்கணும்ல தாயீ. ஒருத்தனப் பாத்தா ஊரப் பாக்க முடியுமா? அவன் உள்ள இருந்ததுதான் அவன் உசுருக்குப் பாதுகாப்பு. வெளிய விட்டிருந்தா எவனாச்சும் ஒருத்தன் அடிச்சே கொன்னுருப்பான். நான் அவனக் காப்பாத்தத்தான் பாத்தேன்."

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் பொய் இல்லை. அவ்வளவு நாளாகத் தனக்கே சொல்லிச் சொல்லி, அவருக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டது. பாதுகாப்பாக வைத்துத்தான் உன்னைச் சாகடித்தார்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. டம்ளரை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். மதினி வீட்டுக்குத் திரும்பலாம். நிலத்தில் பூண்டு போடலாம், குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகலாம். அதற்கு ஊர் வழக்கம் ஒன்று மட்டும் இருக்கிறது. தள்ளி வைத்த வீட்டை மறுபடி சேர்க்க வேண்டுமென்றால், அந்த வீட்டு ரத்த உறவு ஒருவர் சபையில் நிற்க வேண்டும். "ஊரு செஞ்சது சரியா?" என்று பெரியதனக்காரர் கேட்பார். "சரி" என்று சொல்ல வேண்டும். பெண்டாட்டி சொன்னால் செல்லாது. உனக்குப் பிள்ளை இல்லை. என்னை விட்டால் ஆள் இல்லை. இத்தனை காலமும் பொம்பளைக் குரல் கேட்கக் கூடாத சபையில், சரி என்று சொல்ல மட்டும் கேட்கலாமாம்.

நான் முடியாது என்றுதான் நினைத்தேன். மாமா போனபிறகு மதினி வெந்த காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு சொல்லுதான வள்ளி. அவரா எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரு? எனக்கு என் அடுப்பு வேணும்."

அவள் அதற்கு முன்னால் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. நீ ஜெயிலில் இருந்தபோதுகூடப் பஸ் செலவுக்குக் கேட்டதில்லை. உன் பேர் பெரிதா, அவள் கால் பெரிதா என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். செத்தவனுக்குக் காது இல்லை, அவளுக்குக் கால் இருக்கிறது என்று முடிவெடுத்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன்னைக் கேட்டும் பிரயோசனமில்லை, நீ அதையும் சரியில்லை என்பாய்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் போனோம். சபையில் அன்றைக்கு ஊர் நிறைந்திருந்தது. ஏலம் எடுத்தவர் நாற்காலியில் இருந்தார், இப்போது தலைவர் இல்லையா. புதுக் கோபுரம் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே, பளபள என்று. என்னை வாசலில் நிறுத்தினார்கள். மதினி குழாயடியில் நின்றாள். மாமா என்னவெல்லாமோ சொன்னார். ஊர் பொறுமை, ஊர் பெருந்தன்மை. நான் தலையைக் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் வேட்டி சரசரப்பதும் செருப்பு தேய்வதும் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஊரு செஞ்சது சரியா?"

"சரி" என்றேன்.

சொல்லிவிட்டேன் அண்ணே. அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

மாமா சபையைப் பார்த்து, "வேலுச்சாமி வீட்டச் சேத்துக்கிடலாம், சரியா?" என்றார். சரி என்று சத்தம் வந்தது. ரொம்ப மெலிந்த சத்தம். நாலைந்து பேர் குரல்தான் இருக்கும். அப்போதுதான் நிமிர்ந்தேன். ஜமக்காளம் காலியாகக் கிடந்தது. மாமாவும் தலைவரும் அவருடைய ஆட்களும் மட்டும் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தால், மதிலுக்கு வெளியே புகை. அந்தக் குளிரில் மேலே போகாமல் மதில் உயரத்துக்கு அப்படியே நின்றது. அவ்வளவு புகை.

வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் எல்லாரும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள். உன்னோடு சின்னப் பிள்ளையிலிருந்து பூண்டு நட்ட சின்னையா அண்ணன்தான் முதலில் கிட்டே வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"வேலு மேல சத்தியமாச் சொல்றேன் வள்ளி. அவன ஒதுக்கினதுக்கு நான் சரி சொன்னதே இல்ல. அன்னைக்கும் நான் வெளியதான் நின்னேன். இன்னைக்கும் உன் வாயால அத நான் கேக்கக் கூடாதுன்னுதான் வெளிய வந்தேன்."

உனக்கு மரியாதை செய்கிற மாதிரிதான் சொன்னார். அவருக்குப் பின்னாலேயே ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். நானும் வெளியதான் நின்னேன். நானும் வெளியதான். போலீஸ் வந்து சபையில் விசாரித்த அன்றைக்கும் நாங்கள் யாரும் உள்ளே இல்லை தாயி என்றார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் உன்மேல் பிரியம்.

"அப்ப உள்ள யாருண்ணே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

சின்னையா அண்ணன் யோசித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். யாருக்கும் நினைவு வரவில்லை.

ஊரே ஒரே குரலில் சொன்னது என்றார்களே, இதுதான் அண்ணே அந்த ஊர். உன்னைத் தள்ளி வைத்தபோதும், உள்ளே வைக்கச் சொன்னபோதும், ஊர் மதிலுக்கு வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் உன் பக்கம்தான். அத்தனை பேரும் வெளியே. எதிரிகள் கையால் நீ செத்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் யாரைப் போய்த் திட்டுவது?

வீட்டைத் திறந்தோம். பரணில் நீ விட்டுப்போன விதைப்பூண்டு முளைத்து, வாடி, கைபட்டதும் சருகாக உதிர்ந்தது. ஒரு பல்கூடத் தேறவில்லை. சின்னையா அண்ணன் தன் விதையில் ஒரு சாக்கு கொண்டுவந்து நாங்கள் கேட்காமலே வாசலில் இறக்கினார். மதினி வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்படிச் சொல்லுவாள். அடுப்பைத் துடைத்தாள், சாணி மெழுகினாள், பத்தவைத்தாள். சோறு பொங்கி எனக்குப் போட்டாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் பாதி சாப்பிட்டபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சொல்லத்தான் சொன்னேன் வள்ளி. இம்புட்டு வெரசாவா சொல்லுவ?"

அவள் என்னைத் திட்டவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். உனக்காக நான் ஒரு நொடியாவது நிற்பேன் என்று குழாயடியில் அவள் காத்திருந்திருக்கிறாள். அந்த ஒரு நொடியை நான் தரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாவது போயிருக்கக் கூடாதா என்று உன்னிடம் சண்டை பிடித்தேனே, எனக்கு அந்தச் செருமல்கூட வரவில்லை.

இனி என்ன சொல்ல? மேகம் இறங்கிவிட்டது. பிள்ளைகள் நனைந்துகொண்டு திரும்பி வருகிற சத்தம் கேட்கிறது, டீ கேட்பார்கள். மதினி அங்கே தனியாக இருக்கிறாள். குழாயடியில் எல்லாரும் பேசுகிறார்களாம். போனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் வீடு இப்போது சேர்ந்த வீடு. அதற்குச் சபையில் ஓர் இடம் உண்டு, ரத்த உறவு என்று அவர்களே என்னை நிறுத்திவிட்டார்கள். இனி அந்த இடத்தில் வந்து உட்காருவேன், பொம்பளை என்று யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன். அடுத்து ஒருவனை ஒதுக்கி வைக்க, அடுத்து ஒன்றை ஏலம் விட, மாமா "சரியா" என்று கேட்பார். அப்போது என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் வாயை நான் நம்பவில்லை. அதனால் அதைப் பற்றி உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். எல்லாரும் மடியைத் தடவிக்கொண்டு எழுந்து போகும்போது நான் எழுந்திருக்க மாட்டேன் அண்ணே. உள்ளேதான் இருப்பேன். அதற்கு மட்டும் சத்தியம்.

நீ ஆம்பளைப் பயலைக் கூப்பிடுவதுபோல "ஏலே" என்றே கூப்பிட்ட,
உன் கூடப்பிறந்தவள்
வள்ளி